வழக்கொழிந்த ஆங்கிலச் சொல்லைத் தேட எந்த அகராதித் தளம்? ‘எய்ரென்’ என்ற சொல்லை வைத்து ஓர் ஒப்பீடு

சாஸரையும் ஷேக்ஸ்பியரையும் பாடமாகப் படிக்கிறவர்களுக்கும், பழைய ஆங்கில நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கும் அடிக்கடி வரும் சிக்கல் இது. வரியில் ஒரு சொல் நிற்கும். கைப்பேசி அகராதியில் அது இருக்காது. கூகுளில் தட்டினால் ‘மறந்துபோன அழகான ஆங்கிலச் சொற்கள்’ மாதிரிப் பட்டியல்கள் வந்து குவியும். அவற்றில் ஆண்டு இருக்காது, மேற்கோள் இருக்காது, யார் எங்கே எழுதினார்கள் என்ற குறிப்பும் இருக்காது. மொழிபெயர்ப்புக்கோ ஆய்வேட்டுக்கோ அவற்றை நம்பிப் பயனில்லை.

நம்பத்தக்க தளங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை இலவசம். ஒவ்வொன்றும் ஒரு கட்டம் வரை கைகொடுத்து அங்கே நின்றுவிடுகிறது. அந்தக் கட்டம் எது என்று தெரியாமல் போனால் தவறான விடையோடு வெளியே வந்துவிடுவோம். அதனால் ஒரே சொல்லை எல்லாவற்றிலும் போட்டுப் பார்ப்பதுதான் நியாயமான உரைகல். இங்கே எடுத்துக்கொண்ட சொல் ‘எய்ரென்’: ஈ-ஒய்-ஆர்-ஈ-என். முட்டைகள் என்று பொருள். ஒருமை ‘எய்’: ஈ-ஒய், இரண்டே எழுத்து.

சரியான விடை எது என்று முதலில் தெரிந்தால்தான் தளங்களை எடைபோட முடியும். பழைய ஆங்கிலத்தில், அதாவது சுமார் 1100க்கு முந்திய ஆங்கிலத்தில், முட்டையைக் குறித்த சொல், ஏ-யும் ஈ-யும் ஒட்டிய ‘ஆஷ்’ என்ற எழுத்தையும் அதன் பின் ஜி-யையும் சேர்த்து எழுதப்பட்டது. பார்வைக்கு ‘எக்’ போலத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் ஜி-க்கு யகர ஒலிதான். நாளைக் குறித்த பழைய சொல்லும் ஜி-யில் முடிந்ததுதான். அது இன்று ‘டே’ ஆகி நிற்பதற்கும் அதே யகரம்தான் காரணம். அப்படியே முட்டைச் சொல்லும் அடுத்து வந்த இடைக்கால ஆங்கிலத்தில் ‘எய்’ என்றும் ‘அய்’ என்றும் ஆனது.

பன்மையில்தான் சுவை. பழைய பன்மை ‘ஆஷ்’ எழுத்துக்குப் பின் ‘க்ரு’ என்று எழுதப்பட்டு, பிறகு ‘எயெர்’ ஆயிற்று. அதுவே பன்மை என்பது மக்களுக்கு மங்கிய பிறகு, மேலே இன்னொரு பன்மை விகுதியாக ‘என்’ ஏறி ‘எய்ரென்’ ஆனது. ‘சில்ட்ரன்’ உருவான வழியும் இதுவே: ‘சில்ட்ரு’ ஏற்கெனவே பன்மை, அதன் தலையில் இன்னொரு விகுதி. ஜெர்மனில் இன்றும் முட்டை ‘ஐ’, முட்டைகள் ‘ஐயர்’.

அப்படியானால் இன்றைய ‘எக்’ எங்கிருந்து வந்தது? வைக்கிங்குகள் குடியேறிய வடக்கு, கிழக்குப் பகுதிகள் வழியாக வந்த பழைய நோர்ஸ் சொல் அது. இரண்டும் ஒரே ஜெர்மானிய வேரில் கிளைத்தவைதான். அந்த வேரில் இருந்த இரட்டை யகரம் நோர்ஸில் இறுகி இரட்டை ககரமானது. மொழியியலார் இதை ஹோல்ட்ஸ்மன் விதி என்பார்கள். ஆகவே பழைய ஆங்கிலச் சொல்லே தேய்ந்து ‘எக்’ ஆனது என்று எழுதுவது பிழை. இரண்டும் பங்காளிகள், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. இந்த இடத்தில்தான் பல தளங்கள் வழுக்குகின்றன.

இரண்டு சொல்லும் ஒரே காலத்தில் மோதிக்கொண்டிருந்ததற்குச் சாட்சி அச்சாளர் வில்லியம் கேக்ஸ்டன். 1490இல் அச்சிட்ட ‘எனெய்டோஸ்’ முன்னுரையில் அவர் சொல்லும் நிகழ்ச்சி இது. தேம்ஸ் ஆற்றில் காற்றுக்காகக் கப்பலில் காத்திருந்த வணிகர்கள் கரைக்கு இறங்குகிறார்கள். ஷெஃபீல்ட் என்ற துணி வணிகர் ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ கேட்கிறார். வீட்டுக்காரப் பெண்மணி தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறார். வணிகருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. இன்னொருவர் ‘எய்ரென்’ என்று சொன்ன பிறகுதான் அந்த அம்மாளுக்குப் புரிகிறது. இந்தக் காலத்தில் ஒருவன் எதை எழுதுவது, ‘எக்ஸ்’ என்றா ‘எய்ரென்’ என்றா என்று கேக்ஸ்டன் அங்கே கேட்கிறார். அடுத்த நூற்றாண்டில் ‘எக்’ வென்றது.

முழுதாக அழியவும் இல்லை. லண்டன்வாசியைக் குறிக்கும் ‘காக்னி’யின் கடைசி அசையில் அந்த ‘எய்’ ஒளிந்திருக்கிறது. முதலில் சேவலின் முட்டை என்ற பொருள், பிறகு செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை, பிறகு நகரத்து மென்மையான ஆள், 1600 வாக்கில் லண்டன்காரர். ‘பியர்ஸ் ப்ளௌமன்’ கவிதையில் அது முட்டை. சாஸரின் ரீவ் கதையில் அது பேடி.

ஆக, ஒரு நல்ல தளம் எந்த எழுத்துக்கூட்டலில் தட்டினாலும் இந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும், இதே எழுத்துள்ள பிற சொற்களிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும், இரட்டைப் பன்மையையும் நோர்ஸ் உறவையும் விளக்க வேண்டும், ஆண்டோடு மேற்கோள் தர வேண்டும். ஐந்தையும் தனியாக நிறைவேற்றும் இலவசத் தளம் எதுவும் இல்லை.

முதலில் திறக்க வேண்டியது மிடில் இங்கிலீஷ் டிக்‌ஷனரி

மிச்சிகன் பல்கலைக்கழகம் உருவாக்கியது. முதல் பகுதி 1952இல் வெளியாகி, 2001இல் நிறைவடைந்தது. 2007 முதல் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 1100 முதல் 1500 வரையிலான ஆங்கிலம் இதன் எல்லை. அந்த நானூறு ஆண்டுக்குள் வாழ்ந்த சொல் என்றால் இதற்கு இணை கிடையாது என்பதே என் உறுதியான கருத்து. இதன் அருமை நம் ஊர்க் கல்லூரிகளில் இன்னும் போதுமான அளவு தெரியவில்லை என்பது வருத்தம்.

பலர் இதில் தேடி ‘இல்லை’ என்று திரும்பிவிடுவதற்குக் காரணம் தேடல் பெட்டி. ‘எய்ரென்’ என்ற பன்மை இங்கே தலைச்சொல் இல்லை. தலைச்சொல் ஒருமை, அதுவும் ஈ-ஐ என்ற எழுத்துக்கூட்டலில். இடைக்கால எழுத்தர்கள் ஐ-யையும் ஒய்-யையும் விருப்பம்போல மாற்றி எழுதினார்கள். அகராதி ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து அதன்கீழ் மற்றவற்றை அடக்கிவிடும். எனவே தேடல் பெட்டியோடு உள்ள தெரிவில், மாற்று எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துத் தலைச்சொல்லைத் தேடும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியும் கிடைக்காவிட்டால், இன்றைய ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து இடைக்காலச் சொல்லைப் பிடிக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. அதில் ‘எக்’ என்று போட்டுப் பாருங்கள்.

முடிவுகள் வந்ததும் முதல் வரியைச் சொடுக்கிவிடக் கூடாது. கண், அச்சம் என்று பொருள்படும் வேறு சொற்களும் ஏறத்தாழ இதே எழுத்தில் வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள பெயர்ச்சொல் எண்ணையும் பொருளையும் பார்த்துத்தான் நுழைய வேண்டும்.

மேற்கோள்களின் முன்னால் நிற்கும் ஆண்டுக் குறிப்பைப் படிக்கத் தெரிவது இங்கே முக்கியம். ஏ என்ற சிற்றெழுத்தோடு 1425, அதன் பின் அடைப்புக்குள் சி என்ற சிற்றெழுத்தோடு 1395 என்று இருந்தால், கையில் இருக்கும் ஏட்டுப்படி 1425க்குச் சற்று முந்தியது, நூல் இயற்றப்பட்டது 1395ஐ ஒட்டி என்று பொருள். வெளியே இருப்பது படியெடுத்த காலம், அடைப்புக்குள் இருப்பது ஆசிரியர் எழுதிய காலம். இதைக் கவனிக்காமல் ஆய்வேட்டில் ஒரு ஆண்டைப் போட்டுவிட்டால் முப்பது, நாற்பது ஆண்டு தள்ளிப்போகும். சொல்லை எழுதியவர் ஆசிரியரா, படியெடுத்த எழுத்தரா என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது. எழுத்தர்கள் தங்கள் வட்டாரச் சொல்லைப் போட்டு மாற்றிவிடுவது அன்று வழக்கம். முட்டை மாதிரி வடக்கு–தெற்கு வேறுபாடு உள்ள சொல்லுக்கு இது பெரிய விஷயம். மேற்கோளின் சுருக்கப் பெயரைச் சொடுக்கினால் எந்த ஏடு, எந்தப் பதிப்பு என்ற விவரம் திறக்கும்.

குறை இரண்டு. சொற்பிறப்பு ஒரு வரிதான்: பழைய ஆங்கில வடிவத்தைச் சொல்லி நிறுத்திவிடும், ஹோல்ட்ஸ்மன் விதியெல்லாம் இங்கே கிடைக்காது. அடுத்து, 1500உடன் கதவு மூடிவிடும். சொல் எப்போது வழக்கிழந்தது என்று கேட்டால் இந்த அகராதியால் பதில் சொல்ல முடியாது.

பெரிய அகராதி: ஆக்ஸ்ஃபோர்டு

ஓஇடி என்று எல்லோரும் சொல்லும் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்தத் துறையின் ஆதாரத் தூண். லண்டன் மொழியியல் கழகம் 1857இல் பேச்சைத் தொடங்கியது, 1884இல் முதல் பகுதி வெளிவந்தது, 1928இல் முதல் பதிப்பு முடிந்தது. 1989இல் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். 2000இல் இணையத்துக்கு வந்து, அன்று முதல் மூன்றாம் பதிப்புக்கான திருத்தம் நடந்துகொண்டே இருக்கிறது. மேற்கோள்கள் மட்டும் சுமார் 35 லட்சம்.

வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் சிறு குறுவாள் போன்ற குறி நிற்கும். இந்தக் குறி சொல்லுக்கு முன்னால் இருக்கிறதா, சொல்லின் ஒரு பொருளுக்கு முன்னால் மட்டும் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. பொருள்களை இது வரலாற்று வரிசையில் அடுக்குகிறது. முதலில் வருவது இன்று பரவலான பொருள் என்று நினைத்துப் படித்தால் தலைகீழாகிவிடும். ‘நைஸ்’ என்ற சொல்லைத் திறந்தால் முதலில் முட்டாள்தனமான என்ற பொருள் நிற்கும். லத்தீனில் அறியாதவன் என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது அது. 14ஆம் நூற்றாண்டுப் பாடலில் ஒருவரை ‘நைஸ்’ என்று சொன்னால் இனியவர் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. ‘டியர்’ என்ற மானும் அப்படித்தான்: முன்பு எந்த விலங்குக்கும் அதுவே பெயர். ‘கிங் லியர்’ மூன்றாம் அங்கத்தில் எட்கர் எலிகளையும் சுண்டெலிகளையும் சொல்லி ‘இதுபோன்ற சிறு டியர்’ என்பது அந்தப் பழைய பொருளில்தான். சொல் உயிரோடு இருந்து பொருள் மட்டும் செத்துப்போன இந்த வகைதான் மொழிபெயர்ப்பாளரை அதிகம் ஏமாற்றும், ஏனென்றால் அகராதியைத் திறக்கவே தோன்றாது. இந்த வகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போட்டியே இல்லை.

சந்தா இல்லாமல் எவ்வளவு பார்க்கலாம்? ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தகவல் தாள் திறந்திருக்கிறது. எத்தனை பொருள், அவற்றில் வழக்கொழிந்தவை எத்தனை, கிடைத்த முதல் சான்று எந்த ஆண்டு, எந்த மொழியிலிருந்து வந்தது என்பவை சுருக்கமாக இருக்கும். முழு வரையறை, மேற்கோள் தொடர், எழுத்துக்கூட்டல் வடிவங்களின் பட்டியல் பூட்டுக்குப் பின்னால். ஒரு சொல் உண்மையில் இருந்ததா, எப்போது தோன்றியது என்று உறுதிசெய்ய இலவசத் தாள் போதும். ஒரு வரியை மொழிபெயர்க்க அது போதாது.

பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நிறுவனச் சந்தா இருக்கிறது. நூலக இணையப் பக்கத்தில் மின்வளப் பட்டியலைப் பார்த்து, வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழையும் வழியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு இன்னும் எளிது: பொது நூலகங்கள் பலவற்றில் உறுப்பினர் அட்டை எண்ணைக் கொடுத்தாலே திறந்துவிடும்.

சந்தா உள்ளவர்கள் முதலில் போக வேண்டியது வடிவங்கள் பகுதிக்கு. ஒரு சொல் எந்த நூற்றாண்டில் எப்படியெல்லாம் எழுதப்பட்டது என்று அங்கே வரிசையாக இருக்கும். ‘எய்’ போன்ற ஈரெழுத்துச் சொல்லைத் தேடும்போது தீவு என்று பொருள்படும் பழைய சொல்லும், வியப்பொலியும் சேர்ந்தே வரும்; பெயர்ச்சொல் என்று வடிகட்டினால் கூட்டம் குறையும். எழுத்து உறுதியில்லையென்றால் ஓர் எழுத்துக்குக் கேள்விக்குறியும் பல எழுத்துக்கு உடுக்குறியும் (*) போட்டுத் தேடலாம்.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, பதிவு திருத்தப்பட்டதா என்று பாருங்கள். பதிவின் வரலாறு என்ற பகுதியில் முதலில் வெளியான ஆண்டும், முழுத் திருத்தம் நடந்ததா என்பதும் இருக்கும். ஈ எழுத்தை முதல் பதிப்பில் தொகுத்தவர் ஹென்றி பிராட்லி. அது அடங்கிய மூன்றாம் தொகுதி 1897இல் வந்தது. திருத்தப்படாத பதிவு என்றால் நீங்கள் படிப்பது அந்தக் காலத்து அறிவை. சொற்பிறப்பு ஆய்வு அதற்குப் பிறகு எவ்வளவோ நகர்ந்துவிட்டது.

இரண்டாவது, முதல் சான்றின் ஆண்டு சொல்லின் பிறந்த நாள் அல்ல, கடைசி சான்றின் ஆண்டு இறந்த நாளும் அல்ல. வாசகர்கள் சீட்டில் எழுதி அனுப்பிய மேற்கோள்களில் தொகுப்பாளர்களுக்குக் கிடைத்தவை மட்டுமே அவை. சீட்டு தொலைந்தால் சொல்லே விடுபடும். ‘பாண்ட்மெய்ட்’ என்ற சொல்லின் சீட்டுக்கட்டு தொலைந்துபோய், அது முதல் பதிப்பில் இடம்பெறாமலே போனது. 1933 இணைப்பில்தான் சேர்த்தார்கள். மூன்றாவது, ஆண்டுகள் அகராதிக்கு அகராதி மாறும். பழைய ஆக்ஸ்ஃபோர்டு பதிவு நூல் இயற்றிய காலத்தைப் பெரும்பாலும் கொடுக்கும். திருத்திய பதிவு ஏட்டுப்படியின் காலத்தை முன்னிறுத்தும். அதனால் திருத்தத்துக்குப் பின் ஒரு சொல் திடீரென்று இளையதாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு: 1150க்கு முன்பே இறந்துவிட்ட சொற்களை ஆக்ஸ்ஃபோர்டு சேர்ப்பதில்லை. அவற்றுக்குப் பழைய ஆங்கிலத்துக்கான பாஸ்வர்த்–டாலர் அகராதிதான் இடம். ப்ராக் நகரத்து சார்லஸ் பல்கலைக்கழகம் அதை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ‘ஆஷ்’ எழுத்தைக் கைப்பேசியில் எப்படித் தட்டுவது என்று திணற வேண்டாம்; ஆங்கில விசைப்பலகையில் ஏ-யை அழுத்திப் பிடித்தால் வரும். முட்டைச் சொல்லின் ‘க்ரு’ பன்மையை நேரடியாகக் காண இங்கேதான் வர வேண்டும். விளக்கங்கள் 19ஆம் நூற்றாண்டு நடையில் இருக்கும், பழகிக்கொள்ளலாம்.

தலைகீழாகத் தேட

சொல்லிலிருந்து பொருளுக்குப் போகாமல், பொருளிலிருந்து செத்த சொற்களுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஹிஸ்டாரிக்கல் தெசாரஸ். 1965இல் தொடங்கி 2009இல் அச்சில் வந்தது, இணையத்தில் இலவசம். கிட்டத்தட்ட 8 லட்சம் பொருள் பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் வாழ்ந்த காலம். முட்டை என்ற வகையைத் திறந்தால் பழைய ஆங்கிலச் சொல்லும் அதன் பின் வந்தவையும் காலவரிசையில் நிற்கும். யார் யாரைத் துரத்தினார்கள் என்பது ஒரே பார்வையில் புரியும். 1600இல் நடக்கும் கதை எழுதுகிறவருக்கு, அந்த ஆண்டில் ஒரு பொருளுக்கு என்னென்ன சொற்கள் வழக்கில் இருந்தன என்று வடிகட்டித் தரும் கருவி வேறு எங்கும் இவ்வளவு கைவசப்படாது. மேற்கோள் இல்லை, விளக்கம் இல்லை. சொல்லைப் பிடித்துக்கொண்டு வேறு அகராதிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

எட்டிமான்லைன்

டக்ளஸ் ஹார்ப்பர் என்ற தனி மனிதர் தொடங்கி வளர்த்த தளம். எளிய நடை, விரைவு, கைப்பேசிக்கு ஏற்றது. ‘எக்’ பதிவில் நோர்ஸ் சொல் பூர்வீகச் சொல்லோடு மோதி 1500க்குப் பின் வென்றதைத் தெளிவாகச் சொல்கிறது, கேக்ஸ்டன் கதையும் இருக்கிறது. ‘காக்னி’ பதிவில் சேவல் முட்டையும் இருக்கிறது. சொற்பிறப்பு விளக்கத்தில் இலவசத் தளங்களில் இதற்கே முதலிடம்.

ஆனால் இது உயிருள்ள சொற்களின் வரலாற்றைச் சொல்லும் தளம். செத்த சொல், அதன் உயிருள்ள உறவினரின் பதிவுக்குள்தான் கிடக்கும். உறவினர் யார் என்று தெரியாதவர் தேடினால் கையை விரித்துவிடும். மேற்கோள் ஏறக்குறைய இல்லை, ஆண்டுகளும் ‘14ஆம் நூற்றாண்டு நடுவில்’ என்ற தோராயக் கணக்கில்தான். முதல் புரிதலுக்கு எடுத்துக்கொள்ளலாம். மேற்கோள் காட்ட வேண்டிய ஆய்வேட்டில் இதைக் கடைசி ஆதாரமாக நிறுத்த வேண்டாம்.

சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதியும் இணையத்தில் இருக்கிறது, அசல் பக்கப் படத்தோடு. 1773இல் அவர் திருத்திய பதிப்பும் சேர்ந்தே. ‘எய்ரென்’ தேட இது இடமல்ல: 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பிலிப் சிட்னியின் காலத்துக்கு முன்னால் அதிகம் போகமாட்டேன் என்று முன்னுரையிலேயே எல்லை போட்டுக்கொண்டவர் ஜான்சன். 17, 18ஆம் நூற்றாண்டுச் சொல் என்றால் மட்டும் வாருங்கள். ‘ஃபாப்டூடுல்’ என்று போட்டால் முட்டாள், அற்பன் என்ற விளக்கமும் ‘ஹூடிப்ராஸ்’ என்ற 17ஆம் நூற்றாண்டு அங்கதக் கவிதையிலிருந்து மேற்கோளும் கிடைக்கும். அந்தக் காலத்தவர் ஒரு சொல்லை மதித்தார்களா, கொச்சை என்று ஒதுக்கினார்களா என்பதற்கு ஜான்சனின் குறிப்புகள் நேரடிச் சாட்சி. சொற்பிறப்பை மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. ஒப்பீட்டு மொழியியல் பிறப்பதற்கு முன் எழுதப்பட்ட நூல் அது.

வரைபடமும் பழைய பதிப்புகளும் செய்யும் குழப்பம்

ஒரு சொல் எந்த ஆண்டு நூல்களில் எவ்வளவு வருகிறது என்று காட்டும் கூகுள் என்கிராம் வரைபடத்தைப் போட்டு ‘இந்தச் சொல் இந்த ஆண்டில் செத்தது’ என்று காட்டுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். செத்த சொற்களுக்கு இதுதான் மிகவும் ஆபத்தான கருவி. 1800 வரை அச்சில் எஸ் எழுத்துக்கு நீண்ட வடிவம் ஒன்று இருந்தது. கணினி அதை எஃப் என்று படித்துவிடும். எஸ் உள்ள சொல் எதுவும் 1800க்கு முன் காணாமல்போய்ப் பின் திடீரென்று எழுவதுபோல் தெரிவது இதனால்தான். ‘எய்’ மாதிரிக் குறுஞ்சொல்லில் வேறு சிக்கல்: வரி முடிவில் உடைந்த பிற சொற்களின் துண்டுகளெல்லாம் அதன் கணக்கில் ஏறும். ‘எய்ரென்’ 19ஆம் நூற்றாண்டில் எழுந்தால் அதற்குக் காரணம், 1864இல் தொடங்கிய பழைய ஆங்கில ஏட்டுப் பதிப்புக் கழகம் போன்றவை இடைக்கால ஏடுகளை வரிசையாக அச்சேற்றியதே. சமையலறையில் யாரும் அந்தச் சொல்லை மீண்டும் பேசத் தொடங்கவில்லை.

அச்சுப் பதிப்புகளிலும் ஒரு பொறி. இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த ‘ஃபார்ம் ஆஃப் க்யூரி’யை சாமுவேல் பெக் 1780இல் பதிப்பித்தார். அதில் கொதிநீரில் உடைத்துவிட்டு வேகவைக்கும் முட்டைக்கான குறிப்பு இருக்கிறது: ‘அய்ரென்’களைக் கொதிக்கும் நீரில் உடைத்துவிடு, போதுமான அளவு வெந்ததும் எடு, மஞ்சள் கருவையும் காய்ச்சாத பாலையும் சேர்த்து அடித்து, இஞ்சிப் பொடி, குங்குமப்பூ, உப்பு சேர், அடுப்பில் வை, கொதிக்க விடாதே. அங்கே மஞ்சள் கருவைக் குறிக்கும் சொல் இசட்-டில் தொடங்கி ‘சோல்க்ஸ்’ என்பதுபோல் அச்சாகியிருக்கும். அது இசட் அல்ல. யகரத்துக்கு இருந்த ‘யோக்’ என்ற பழைய எழுத்து இசட் போலவே இருக்கும், அச்சில் அப்படியே மாறிவிட்டது. இன்றைய ‘யோக்ஸ்’தான் அது. இசட் வரிசையில் எந்த அகராதியில் தேடினாலும் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுவே. இசட்-டில் தொடங்கும் விசித்திரச் சொல் எதைக் கண்டாலும் முதலில் ஒய் போட்டுப் பாருங்கள்.

இணையப் பட்டியல்களில் உலவும் ‘அழகான பழஞ்சொற்கள்’ பலவற்றுக்கு இன்னொரு சோதனை வேண்டும். 1623இல் ஹென்றி காக்கரம் போன்ற ஆரம்பகால அகராதிக்காரர்கள் லத்தீனிலிருந்து தாங்களே வார்த்துப் போட்ட சொற்கள் ஏராளம். யாரும் பேசவும் இல்லை, எழுதவும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பதிவில் அகராதிகளில் மட்டுமே காணப்படுகிறது என்ற குறிப்பு இருந்தால், அது வழக்கொழிந்த சொல்லே அல்ல, வழக்கில் இருந்ததே இல்லை. அச்சுப்பிழையால் பிறந்த சொற்களும் உண்டு. வெப்ஸ்டர் அகராதியின் 1934 பதிப்பில் அடர்த்தி என்ற பொருளோடு ‘டார்ட்’ என்ற சொல் ஏறியது. பெரிய டி அல்லது சின்ன டி (ஆங்கிலத்தில் ‘டி ஆர் டி’) என்பது அடர்த்தியின் சுருக்கக் குறி என்று எழுதிய சீட்டை ஒரே சொல்லாகப் படித்த விளைவு அது. மாறாக, உலகுக்குப் பாரமானவன் என்ற பொருளில் பட்டியல்களில் வரும் ‘கம்பர்வேர்ல்ட்’ உண்மையான சொல்: சாஸரின் ‘ட்ராய்லஸ்’ காவியத்தில் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும், மேற்கோள்தான் பிரித்துக்காட்டும்.

எந்த வரிசையில் போவது? இடைக்காலச் சொல் என்றால் மிச்சிகன் அகராதியில் பொருளையும் மேற்கோளையும் எடுத்துக்கொண்டு, ஆக்ஸ்ஃபோர்டின் இலவசத் தாளில் முதல் சான்றைச் சரிபார்த்து, எட்டிமான்லைனில் உயிருள்ள உறவினரைத் தேடுங்கள். ஷேக்ஸ்பியர் காலம் முதல் ஜான்சன் காலம் வரை என்றால் ஆக்ஸ்ஃபோர்டு முழுப்பதிவு இல்லாமல் வேலை நடக்காது. சந்தாவும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. முதல் பதிப்பின் தொகுதிகள் காப்புரிமை முடிந்தவை. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஒளிவருடலாகக் கிடைக்கின்றன. அன்றைய பெயர் ‘எ நியூ இங்கிலீஷ் டிக்‌ஷனரி’ என்பதால் ஆக்ஸ்ஃபோர்டு என்று தேடினால் சில சமயம் சிக்காது. கோப்பு மிகப் பெரியது, கைப்பேசியில் திணறும். இணையத்திலேயே பக்கம் புரட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். தொகுதியின் உள்தேடலை நம்பாமல், பக்கத் தலைப்பில் உள்ள வழிகாட்டிச் சொற்களைப் பார்த்துப் போவது விரைவு. ‘எய்’ இருப்பது டி, ஈ எழுத்துகளைக் கொண்ட மூன்றாம் தொகுதியின் கடைசிப் பக்கங்களில்.